ஒரு புகார்கூட வராத கிளை

என் மேசை இழுப்பறையில், விடுதியின் ரசீதுப் புத்தகங்களுக்கு அடியில், நான்காக மடித்த ஒரு தாள் கிடக்கிறது. கோடு போட்ட நோட்டிலிருந்து கிழித்தது. நீல மையில் ஐந்து வரிகள். எழுத்து தமிழ், மொழி ரஷ்யன். முதல் வரி ‘பஜாலுஸ்தா, பதஷ்தீத்யே’ என்று தொடங்கும். தயவுசெய்து பொறுத்திருங்கள் என்று பொருள். கடைசி வரி ‘ஃப்ஸ்யோ பூதெத் ஹரஷோ’ என்று முடியும். எல்லாம் சரியாகிவிடும் என்று பொருள். வேங்கிக்காலில் நான் வேலை பார்த்த நாளில், எங்கள் மேனேஜர் பக்கத்தில் நின்றுகொண்டு தமிழில் சொல்ல, நான் அதை ரஷ்யனாக்கி எழுதிய தாள். கிழித்துப் போடலாம் என்று எத்தனையோ தடவை வெளியே எடுத்திருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் மறுபடி மடித்து உள்ளேயே வைத்தேன்.

போன வாரம் பழைய ஆபீஸ் வாட்ஸாப் குழுவில் ஒரு செய்தி வந்தது. எங்கள் மேனேஜர் சாருக்கு அந்தக் கம்பெனியில் இருபத்தைந்து வருஷம் நிறைகிறதாம். சென்னையில் விழா எடுக்கிறார்கள், விழா மலர் ஒன்று அச்சடிக்கிறார்கள். ஒவ்வொரு கிளையிலிருந்தும் ஒருவர் ‘சாரோடு ஒரு நல்ல நினைவு’ என்று எழுதித் தரவேண்டுமாம். திருவண்ணாமலைக்கு என் பெயரைப் போட்டுவிட்டார்கள், நான்தான் நன்றாக எழுதுவேனாம். செய்திக்குக் கீழே சாரின் சாதனைப் பட்டியல் இருந்தது. அதில் மூன்றாவது சாதனை இது: ரஷ்யா மீது பொருளாதாரத் தடை வந்து, நாங்கள் வேலை எடுத்துச் செய்த வெளிநாட்டுக் கம்பெனி அந்த நாட்டை விட்டு வெளியேறியபோது, ஒரு புகார்கூட இல்லாமல் வேலையை முடித்த ஒரே கிளை திருவண்ணாமலை. இரண்டு தடவை படித்தேன். கையில் இருந்த டீயைக் குடிக்கக்கூட முடியவில்லை. சரி, கேட்டுவிட்டார்கள், எழுதுகிறேன். இது நல்ல நினைவுதானா என்பதை மலர்க்குழு பார்த்துக்கொள்ளட்டும்.

எனக்கு ரஷ்யன் எப்படி வந்தது என்று கேட்காதவர்கள் கிடையாது. நான் அடி அண்ணாமலைக்காரி. அப்பா நிலத்தில் வேர்க்கடலை போடுகிறவர். பி.காம். முடித்துவிட்டு, ஆசிரமத்துப் பக்கம் செங்கம் ரோட்டில் ஒரு தங்கும் விடுதியில் வரவேற்பு வேலைக்குச் சேர்ந்தேன். குளிர்காலம் முழுக்க அங்கே ரஷ்யாக்காரர்கள் மூன்று மாதம், நான்கு மாதம் என்று வந்து தங்குவார்கள். வாளி வேண்டும், கொசுவலை வேண்டும், பால் இல்லாத டீ வேண்டும் என்று அவர்கள் கேட்கக் கேட்கக் காதுக்குள் போன மொழி அது. பேசுவேன், சண்டை போடுவேன், ஆறுதல்கூடச் சொல்வேன். எழுதப் படிக்க மட்டும் தெரியாது. அந்த எழுத்தைப் பார்த்தால் இன்றைக்கும் எனக்குத் தலையும் புரியாது, வாலும் புரியாது. செங்கம் ரோட்டில் என்னைப் போல ஒரு கூட்டமே உண்டு. ஆட்டோ ஓட்டுகிறவர், தையல் கடைக்காரர் மகள், காப்பிக் கடையில் சமைக்கிறவர் என்று எல்லாரும் வாயால் மட்டும் ரஷ்யன் தெரிந்தவர்கள்.

இதை மோப்பம் பிடித்து வந்தவர்தான் எங்கள் மேனேஜர். வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று ரஷ்யாவின் சின்னச் சின்ன மருத்துவமனைகளுக்கு ஒரு மென்பொருள் விற்றுக்கொண்டிருந்தது. எந்த நோயாளி எப்போது வந்தார், என்ன மருந்து கொடுத்தார்கள், எது அவருக்கு ஒத்துக்கொள்ளாது என்பதையெல்லாம் அதில் பதிந்து வைப்பார்கள். அந்தப் பதிவுகள் அவர்கள் ஊரில் இருக்காது, கம்பெனியின் கம்ப்யூட்டர்களில், எங்கோ வேறு நாட்டில் இருக்கும். வாடிக்கையாளர்களுக்குத் தொல்லை வந்தால் போன் எடுத்துப் பேசுகிற வேலையை எங்கள் சென்னைக் கம்பெனி குத்தகைக்கு எடுத்திருந்தது. மாஸ்கோவிலோ சென்னையிலோ ஆள் வைத்தால் சம்பளம் ஜாஸ்தி. திருவண்ணாமலையில் கம்மி. வேங்கிக்காலில், கலெக்டர் ஆபீசுக்குப் பின்னால் புதிதாக எழும்பிய வீடுகளில் ஒன்றின் மாடியில், எட்டு மேசை, எட்டுக் கம்ப்யூட்டர், ஒரு ஏசி என்று கிளை திறந்து, செங்கம் ரோட்டுக் கூட்டத்திலிருந்தே எட்டுப் பேரை எடுத்துக்கொண்டார்கள். ஜன்னலைத் திறந்தால் மலை தெரியும்.

சாரைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். அவர் கத்துகிற ஆள் இல்லை. கெட்டவன் என்று நெற்றியில் எழுதிக்கொண்டு வந்திருந்தால் முதல் நாளே உஷாராகியிருப்போம். இவர் நெற்றி நிறைய விபூதி பூசிக்கொண்டு வந்தார். எல்லாரையும் ‘அம்மா’, ‘ராஜா’ என்றுதான் கூப்பிடுவார். என் அம்மாவின் முட்டிவலிக்கு எந்தத் தைலம் ஒத்துக்கொண்டது என்பதுவரை அவருக்குத் தெரியும். மதியம் எங்களோடு வட்டமாக உட்கார்ந்து தயிர்சாதம் சாப்பிடுவார், என் டப்பாவிலிருந்து கேட்காமலே ஊறுகாய் எடுத்துக்கொள்வார். பௌர்ணமிக்குப் பௌர்ணமி வெறுங்காலோடு பதினான்கு கிலோமீட்டரும் மலையைச் சுற்றுவார். இப்படிப்பட்ட மனிதரை எப்படிச் சந்தேகப்படுவது? நாங்கள் எட்டுப் பேரும் அவர் சொன்னால் வேதம் என்று இருந்தோம். அதை நினைத்தால் இப்போது எனக்கு என் மேலேயே பற்றிக்கொண்டு வருகிறது.

வாடிக்கையாளர்களில் ஒருவரை மட்டும் நான் இங்கே சொல்ல வேண்டும். குளிர் கொட்டுகிற ஏதோ ஒரு சின்ன ஊரில், குழந்தைகள் மருத்துவமனை ஒன்றில் வரவேற்பு மேசையில் இருந்த அம்மாள். பார்க்காமலே மூன்று வருஷம் பழகினோம். கம்ப்யூட்டர் என்றால் அவருக்கு நடுக்கம். எதைத் தொட்டாலும் கெட்டுவிடும் என்று பயந்து, வாரத்துக்கு இரண்டு தடவையாவது கூப்பிடுவார். மற்றவர்கள் எடுத்தால் பேசமாட்டார், என்னைக் கேட்பார். ‘சோல்னிஷ்கோ’ என்றுதான் என்னை அழைப்பார். சின்னச் சூரியனே என்று அர்த்தம், அவர்கள் செல்லமாகக் கூப்பிடுகிற வார்த்தை. இங்கே வெயில் எவ்வளவு என்று கேட்பார், நான் சொன்னதும் பெருமூச்சு விடுவார். என்றைக்காவது ஒருநாள் உங்கள் மலையைச் சுற்ற வருவேன் என்பார். வாங்கம்மா, எங்கள் வீடு கிரிவலப் பாதையிலேயேதான் இருக்கிறது, மோர் தருகிறேன் என்பேன். அதற்கு அவர் சிரிக்கிற சிரிப்பு ஹெட்போனில் இரைச்சலாகக் கேட்கும்.

போர் தொடங்கியது. முதல் சில நாள் யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. பிறகு ரஷ்யாக்காரர்களுடைய வங்கி அட்டைகள் வெளிநாட்டில் வேலை செய்யாமல் போயின. மென்பொருளுக்கு மாதச் சந்தா கட்ட முடியவில்லை. திரையில் மேலே ஒரு சிவப்புக் கோடு வரத் தொடங்கியது, அது என்ன என்று கேட்டு எட்டுப் போனும் அடித்தன. அப்போதுதான் ஒரு திங்கட்கிழமை காலையில், பிரிண்டரில் யாரோ எடுக்காமல் விட்ட கடிதம் ஒன்றை நான் பார்த்தேன். வெளிநாட்டுக் கம்பெனி சாருக்கு அனுப்பியது. ஆங்கிலம் எனக்குப் படிக்க வரும். தடையின் காரணமாக ரஷ்யாவில் எல்லாச் சேவையையும் நிறுத்துகிறோம், வருகிற வெள்ளிக்கிழமை கடைசி நாள் என்று இருந்தது. அதற்குள் வாடிக்கையாளர்கள் தங்கள் பதிவுகளைப் பிரதி எடுத்துக்கொள்ளலாம், தடைச்சட்டத்திலேயே அதற்கு அவகாசம் உண்டு, எல்லாருக்கும் ரஷ்ய மொழியில் உடனே தெரிவியுங்கள் என்றும் இருந்தது. உடனே என்ற சொல்லைத் தடித்த எழுத்தில் போட்டிருந்தார்கள். கடிதத்தின் தேதியைப் பார்த்தேன். வந்து பத்து நாளாகியிருந்தது.

தடையைப் பற்றி எனக்குப் பெரிய கருத்து கிடையாது. போர் தொடுத்தவர்களுக்கு வலிக்கட்டும் என்று போட்டார்கள். அதில் எவ்வளவு நியாயம், எவ்வளவு அநியாயம் என்று தீர்ப்புச் சொல்ல நான் யார்? ஆனால் ஒன்று தெரியும். அவ்வளவு கடுப்பில் சட்டம் எழுதியவர்கள்கூட, சாதாரண ஜனங்கள் மூட்டை கட்டிக்கொள்ளக் கொஞ்சம் நாள் விட்டிருந்தார்கள். அந்த நாளைத் தின்றது வாஷிங்டனும் இல்லை, பிரஸ்ஸல்ஸும் இல்லை. வேங்கிக்கால் மாடியில் எங்களோடு தயிர்சாதம் சாப்பிட்ட மனிதர் தின்றார்.

கடிதத்தை எடுத்துக்கொண்டு நேரே அவர் அறைக்குப் போனேன்.

“சார், எல்லார்கிட்டயும் ஒடனே சொல்லணும்னு போட்டிருக்குதே?”

“சொல்லத்தாம்மா போறோம். எப்ப சொல்லணும்னு நான் பாத்துக்கறேன். நீ போய் உக்காரு.”

“பதிவெல்லாம் எடுக்க ரெண்டு மூணு நாளாவது வேணும் சார் அவங்களுக்கு. வெள்ளிக்கிழமையோட முடியுது.”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவருக்குக் கோபம் வந்தால் அப்படித்தான் செய்வார். “ஏம்மா, தடை போட்டது நானா? பெரிய பெரிய நாட்டுக்காரன் போட்டான். நாம யாரு? இப்ப போய்ச் சொன்னா அத்தன பேரும் ஒரே நேரத்துல கத்துவான். கத்தறது எல்லாம் புகார்னு பதிவாவும். புகார் ஜாஸ்தியாச்சுன்னா இந்தக் கிளைய மூடிட்டுப் போயிடுவாங்க. கம்மியா இருந்துச்சுன்னு வையி, துபாய்க் கம்பெனி ஒண்ணோட வேல நமக்கு வருது. அதுக்கு நீதான் டீம் லீடர். ஊருக்கெல்லாம் நீ கவலப்பட்டா உன் வீட்டுக்கு யாரு கவலப்படுவா?”

டீம் லீடர். அந்த இரண்டு வார்த்தை என் வாயை அடைத்தது. பொய் சொல்லமாட்டேன், அடைத்தது. அப்பாவுக்கு அந்த வருஷம் கடலை சரியில்லை. சம்பளம் கூடும் என்றால் யாருக்குத்தான் கசக்கும்? அன்று மதியமே சார் என் மேசைக்கு வந்து, என் நோட்டைத் திறக்கச் சொல்லி, பக்கத்தில் நின்று தமிழில் ஐந்து வாக்கியம் சொன்னார். தயவுசெய்து பொறுத்திருங்கள். பராமரிப்பு வேலை நடக்கிறது. உங்கள் பதிவுகள் பத்திரமாக இருக்கின்றன. நீங்கள் எதுவும் செய்ய வேண்டாம். வெள்ளிக்கிழமைக்குள் எல்லாம் சரியாகிவிடும். அதை ரஷ்யனில் எப்படிச் சொல்வது என்று கேட்டார். சொன்னேன். எழுது என்றார். எழுதினேன். நாங்கள் எழுதப் படிக்கத் தெரியாத கூட்டம் ஆயிற்றே, அதனால் தமிழ் எழுத்தில்தான் எழுதினேன். தையல் கடைக்காரர் மகள் அதைப் பார்த்து மற்ற ஏழு பேருக்கும் ஏழு பிரதி எழுதிக் கொடுத்தாள்.

செவ்வாய், புதன், வியாழன் மூன்று நாளும் அந்த ஐந்து வரியைத்தான் படித்தோம். வியாழன் மதியம் மருத்துவமனை அம்மாள் கூப்பிட்டார். குரலில் சிரிப்பு இல்லை. பக்கத்து ஊரில் வேறு ஒரு கம்பெனியின் மென்பொருள் திடீரென்று நின்றுபோய்விட்டதாம், அவர்கள் டாக்டர் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாராம். “நாங்களும் எல்லாவற்றையும் எடுத்து வைத்துக்கொள்ளட்டுமா, சோல்னிஷ்கோ? நாங்கள் இரண்டு பேர்தான் இருக்கிறோம். இப்போது உட்கார்ந்தால் நாளைக்குள் முக்கியமானதையாவது எடுத்துவிடலாம். எந்தக் குழந்தைக்கு எந்த மருந்து ஆகாது என்பதையாவது. டாக்டர் வேண்டாம் என்கிறார். இந்தியாவில் இருக்கிற பெண் என்ன சொல்கிறாள் என்று கேள், அவள் சொன்னால் சரி என்கிறார்.”

சார் என் பின்னால் நின்றிருந்தார். நாற்காலியின் முதுகில் அவர் கை இருந்தது. எடுத்துக்கொள்ளுங்கள் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சாருக்கு ரஷ்யன் தெரியாது, நான் என்ன சொன்னேன் என்றே அவருக்குத் தெரிந்திருக்காது! இதை எத்தனை நாள் நினைத்து நினைத்துக் குமைந்திருக்கிறேன். சொல்லியிருக்கலாம். அவர் குனிந்து, “படிம்மா” என்றார். படித்தேன். ஐந்து வரியையும் படித்தேன். அந்த அம்மாள் நிம்மதியாக மூச்சு விட்டது கேட்டது. உனக்குக் கோடி நன்றி என்றார்.

சாரின் கெட்டிக்காரத்தனம் இனிமேல்தான் வருகிறது. அந்த வெள்ளிக்கிழமை பௌர்ணமி. பௌர்ணமியன்று எங்கள் ஊரில் வண்டி ஓடாது, பஸ்ஸை எல்லாம் ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிடுவார்கள், ஜனம்தான் ஓடும். அதனால் எங்கள் கிளைக்கு என்றைக்குமே பௌர்ணமி விடுமுறை. வழக்கமாக அந்த ஒருநாள் மட்டும் சென்னையில் ரஷ்யன் தெரிந்த இரண்டு பேர் எங்கள் போனை எடுப்பார்கள். சார் அந்தத் தடவை அவர்களை வேண்டாம் என்றுவிட்டார். வியாழன் மாலை என்னைத் தன் கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, அந்த ஐந்து வரியையும் என் குரலில் பதிவு செய்தார். வெள்ளிக்கிழமை யார் கூப்பிட்டாலும் அந்தப் பதிவுதான் பேசும். ஆள் எடுக்காத போனில் புகார் பதிவாகாது. இன்னொன்றும் செய்தார். ரஷ்ய மொழியில் அனுப்ப வேண்டிய அறிவிப்பை, மொழிபெயர்க்க ஆள் தேடாமல், ஆங்கிலத்தில் இருந்தபடியே கடைசி நாள் மதியம் எல்லாருக்கும் அனுப்பிவைத்தார். அனுப்பவில்லை என்று நாளைக்கு யாரும் சொல்ல முடியாதில்லையா? இதையெல்லாம் அவர் ஒளித்துச் செய்யவில்லை. எப்படி என் ஐடியா என்று எங்களிடமே கேட்டார்.

வெள்ளிக்கிழமை அடி அண்ணாமலையில் எங்கள் வீட்டு வாசலில் வழக்கம்போல மோர்க்கடை போட்டோம். மதியத்திலிருந்தே பாதை நிறைய ஆள். நான் தம்ளர் கழுவிக்கொண்டிருந்தேன். ரஷ்யாவில் அப்போதுதான் வேலை நேரம், என் குரல் அங்கே யாரிடமெல்லாமோ பேசிக்கொண்டிருந்தது. நாலு மணி வாக்கில் சார் வந்தார். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, வெறுங்கால், நெற்றியில் வியர்வையில் கரைந்த விபூதி. அம்மாவுக்குக் கை கால் ஓடவில்லை. “வாங்க சார், உக்காருங்க சார், பொண்ணு ஒங்களப் பத்திதான் எப்பவும் சொல்லும்” என்று நாற்காலியைத் தட்டிப் போட்டாள். அவர் இரண்டு தம்ளர் மோர் வாங்கிக் குடித்தார். என் பக்கம் திரும்பி, “பாத்தியாம்மா? ஒரு புகார் இல்ல. எவ்ளோ நிம்மதியா சுத்தறேன் பாரு” என்றார். அம்மா அவரிடம் காசு வாங்கமாட்டேன் என்றுவிட்டாள். அவர் மலையைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு நடந்தார். அந்த முதுகைப் பார்த்துக்கொண்டே நின்றேன். கையில் இருந்த தம்ளரை வீசி எறிந்திருந்தால் பட்டிருக்கும், அவ்வளவு பக்கம்தான்.

சனிக்கிழமை காலையில் எல்லாம் நின்றுவிட்டது. எங்கள் திரையில் ரஷ்யா என்ற ஒன்றே இல்லை. போன் எண்கள் இல்லை, பெயர்கள் இல்லை. துபாய் வேலையும் வரவில்லை. இரண்டு மாதத்தில் கிளையை மூடினார்கள். எட்டுப் பேருக்கும் ஆளுக்கு ஒரு சாமி படம் கொடுத்து அனுப்பிவைத்தார் சார். அவர் மட்டும் பதவி உயர்ந்து சென்னைக்குப் போனார், பட்டியலில் இருக்கிற மூன்றாவது சாதனைக்குக் கிடைத்த பரிசு அது. நான் செங்கம் ரோட்டுக்கே திரும்பிவந்தேன், பழைய விடுதி, பழைய மேசை. அந்த அம்மாளைத் தேடியிருக்கலாம். ஊர் பெயர் தெரியும், மருத்துவமனையின் பெயர் தெரியும், எங்கள் விடுதியிலேயே அந்த மொழி எழுதத் தெரிந்தவர்கள் எத்தனையோ பேர் வந்து போனார்கள். ஒருவரிடம் சொல்லி ஒரு கடிதம் போட்டிருக்கலாம். போடவில்லை. என்ன பதில் வருமோ என்று பயம். அந்தப் பயத்தை எல்லாம் சேர்த்து சார் மேல் கோபமாக மாற்றி வைத்துக்கொண்டேன். கோபப்படுவது சுலபமாக இருந்தது. தினமும் குளிக்கும்போது ஒரு தடவை, பஸ்ஸில் ஒரு தடவை அவரை மனதுக்குள் நிற்கவைத்துக் கிழி கிழி என்று கிழிப்பேன்.

போன மார்கழியில் ஒரு காலை. முந்தின நாள் நான் வீட்டுக்குப் போனபிறகு வந்து தங்கியிருந்த ஒரு ரஷ்ய அம்மாள், தோளில் துண்டோடு படியிறங்கி வந்தார். அறுபது வயதிருக்கும். குட்டையான உருவம், கம்பளித் தொப்பி. அறையில் சுடுதண்ணீர் வரவில்லை என்றார். கீசர் கெட்டுப்போயிருந்தது எனக்கு முன்பே தெரியும். ரிஜிஸ்டரிலிருந்து தலையைத் தூக்காமலே, வாடிக்கையாளர் யாரிடமும் சொல்கிற மாதிரி ரஷ்யனில் சொன்னேன்: தயவுசெய்து பொறுத்திருங்கள், பராமரிப்பு வேலை நடக்கிறது, வெள்ளிக்கிழமைக்குள் எல்லாம் சரியாகிவிடும்.

தலையைத் தூக்கினேன். அவர் முகம் வெளிறிப்போயிருந்தது. இன்னொரு தடவை சொல் என்றார். என் உச்சரிப்பு புரியவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, சிரித்துக்கொண்டே இன்னொரு தடவை சொன்னேன். அவர் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு, “சோல்னிஷ்கோ” என்றார். செல்லமாகச் சொல்லவில்லை. யார் என்று அடையாளம் கண்டுபிடித்த மாதிரி சொன்னார். அடக் கடவுளே!

அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டார். மெதுவாகச் சொன்னார். அந்த வெள்ளிக்கிழமை அவர் முப்பது தடவைக்கு மேல் கூப்பிட்டாராம். ஒவ்வொரு தடவையும் என் குரல்தான், அதே ஐந்து வாக்கியம்தான். கூட வேலை செய்த பெண் இப்போதாவது எடுத்து வைப்போம் என்று கெஞ்சினாளாம். இவர்தான் தடுத்தாராம், அந்தப் பெண் பொய் சொல்லமாட்டாள், எனக்கு அவளைத் தெரியும் என்று. சனிக்கிழமை எல்லாம் போய்விட்டது. அதற்கடுத்த வாரம் நாலு வயதுப் பெண் குழந்தை ஒன்றுக்குக் காய்ச்சல். பாட்டிதான் கூட்டிவந்தாள், அவளுக்கு ஒன்றும் தெரியாது. எந்த ஊசி அந்தக் குழந்தைக்கு ஆகாது என்று பதிவில் சிவப்பில் எழுதியிருந்ததோ, அதையே போட்டுவிட்டார்கள். முகம் வீங்கி மூச்சு நின்று, பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். குழந்தை பிழைத்தது. ஒன்பது நாள் கழித்துத்தான் பிழைக்கும் என்றே சொன்னார்கள். பதிவை எடுத்து வைக்காமல் விட்டது யார் என்று விசாரித்தபோது எல்லாரும் இவரைக் கைகாட்டினார்கள், இவர் வேலை போயிற்று. அந்தக் குழந்தையின் அம்மா இன்றைக்கும் தெருவில் இவரைப் பார்த்தால் அந்தப் பக்கம் போய்விடுகிறாளாம்.

பிறகு என்னை நிமிர்ந்து பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“உனக்கு அப்போது தெரியுமா?”

எத்தனை வருஷமாகச் சாரைத் திட்டித் திட்டிச் சேர்த்து வைத்திருந்தேன்! அவ்வளவும் இந்த நேரத்துக்குத்தான் என்று நினைத்திருந்தேன். வாயைத் திறந்தால் என் நாக்கில் வந்து நின்றது சாரின் வார்த்தை. தடை போட்டது நானா? நாம யாரு? அச்சு அசலாக அதே வார்த்தை. எனக்கு அருவருப்பாக இருந்தது. விழுங்கிவிட்டுச் சொன்னேன்.

“தெரியும்.”

அவர் தலையை ஆட்டினார். அழவில்லை, கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. துண்டைச் சரிசெய்துகொண்டு எழுந்தார்.

“சுடுதண்ணீர் எப்போது வரும்? நிஜத்தைச் சொல்.”

“வராது. கீசர் மாற்ற வேண்டும். முதலாளி இன்னும் வாங்கவில்லை. வெள்ளிக்கிழமை என்று நானாகத்தான் சொன்னேன்.”

“வேறு அறை இருக்கிறதா?”

“இருக்கிறது. நானே சாமான்களை மாற்றிக் கொடுக்கிறேன்.”

பன்னிரண்டு நாள் தங்கினார். காலையில் வணக்கம் சொல்வார், சாவியைக் கையில் கொடுப்பார். பௌர்ணமியன்று மலையைச் சுற்றினார் என்று பிறகு கேள்விப்பட்டேன். எங்கள் வீட்டு வாசலைத் தாண்டித்தான் போயிருக்க வேண்டும். அன்றைக்கு எங்கள் கடையில் மோர் இருந்தது, நானும் இருந்தேன். கூட்டத்தில் அவரை நான் பார்க்கவில்லை. ஊருக்குப் போகும்போது நன்றி என்றார். சோல்னிஷ்கோ என்று மட்டும் அதற்குப்பிறகு ஒரு தடவைகூடக் கூப்பிடவில்லை.

மலர்க்குழுவினரே, இவ்வளவும் எழுதி முடித்தபிறகு, சாட்சிக்கு இருக்கட்டும் என்று இழுப்பறையைத் திறந்து அந்தத் தாளை எடுத்தேன். சாரை மாட்டிவைக்க என்னிடம் இருக்கிற ஒரே சாமான் இதுதான் என்றுதான் இத்தனை வருஷமாக நினைத்து வைத்திருந்தேன். பிரித்துப் பார்த்தேன். அதில் அவர் பெயர் இல்லை. தேதி இல்லை. அவர் பேனா பட்ட இடம் ஒரு புள்ளிகூட இல்லை. எழுத்து என்னுடையது, மொழி என்னுடையது, படித்ததும் என் குரல். எவ்வளவு கெட்டிக்காரர் பாருங்கள், சார். நாற்காலியின் முதுகில் கை வைத்ததோடு சரி.

ஆனாலும் படம் எடுத்து இதோடு அனுப்பியிருக்கிறேன், மலரில் போடுங்கள். அவருடைய சிரித்த முகத்துக்குப் பக்கத்தில் இடம் ஒதுக்கினால் நல்லது. பட்டியலில் மூன்றாவது வரியையும் திருத்திவிடுங்கள். திருவண்ணாமலைக் கிளையிலிருந்து ஒரு புகார்கூட வரவில்லை என்று போட்டிருக்கிறீர்கள். இதோ, ஒன்று வருகிறது. இரண்டு பேர் மேல்.